புறம்போக்கில் ஒரு சத்திரம்

சத்திரத்தில் கணப்புக்கு இடப்பக்கம் கிடந்த நாற்காலி தரையைத் தொடாது. ஒரு விரல்கடை உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். போட்டவள் சத்திரக்காரி. போடுவது எளிது. உரையாடல் பெட்டியில் ஒரு புள்ளி வைத்து, 'ஜிஆப்ஜெக்ட் ஆட்' என்று அடித்து, நாற்காலிக்குரிய எண்ணைக் கொடுத்து என்டர் தட்டினால், நம் பாத்திரம் எங்கே நிற்கிறதோ அங்கே நாற்காலி முளைக்கும். அவள் என்டர் தட்டியபோது அவளுடைய பாத்திரம் ஒரு கம்பளத்தின் மேல் நின்றிருந்தது. பிறகு கம்பளம் பிடிக்கவில்லை என்று அதை நீக்கிவிட்டாள். நாற்காலி கம்பளத்தின் உயரத்திலேயே தங்கிவிட்டது.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். யாரும் சரிசெய்யவில்லை. கொல்லன், அவன் ஒரு குள்ளன், அதை முதலில் பார்த்த அன்று குனிந்து நாற்காலிக் காலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தான். "தரை இறங்குகிறது. கடல் அடிமண்ணைத் தின்கிறது" என்றான். அன்றிலிருந்து ஊர்க் கவலைகளில் அதுவும் ஒன்றாயிற்று.

ஊர் என்று நான் சொல்வது சவுத்ஷோர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டின் உலகத்தில், ஹில்ஸ்பிராட் மலையடிவாரத்தில் இருந்த மீன்பிடி ஊர். ஒரு சத்திரம், ஒரு ஊர்மன்றம், சில வீடுகள், கடலுக்குள் நீண்ட ஒரு மரத்துறை. வடக்கே டாரன் மில் என்று எதிரணியின் ஊர். 2004 நவம்பரில் ப்ளிஸார்ட் நிறுவனம் விளையாட்டை வெளியிட்ட புதிதில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த வெளியில்தான் ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மோதிக்கொண்டார்கள். 2005-ல் சண்டைக்கென்றே தனிக் களங்கள் வந்ததும் அந்தக் கூட்டம் குறைந்தது. 2010 இறுதியில், 'கேட்டகிளிஸம்' விரிவாக்கத்தையொட்டி நிறுவனம் பழைய உலகத்தையே கலைத்து அடுக்கியபோது, சவுத்ஷோர் கொள்ளைநோய்க் குண்டு விழுந்து அழிந்த ஊராகிவிட்டது. பச்சைச் சேறும் இடிந்த சுவரும்தான் மிச்சம். நான் போனது 2012-ல். ஊர் அப்படியே இருந்தது. நான் போன சர்வர் நிறுவனத்துடையது இல்லை.

இந்த மாதிரி விளையாட்டுகளில் உலகம் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. மலை, மரம், வீடு, ஒலி எல்லாம் நம் கணினியில் ஏற்றிய கோப்புகளில் இருக்கின்றன. எந்த ஓநாய் எந்தப் புதரோரம் நிற்கும், மீன்காரி என்ன சொல்வாள், பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது நிறுவனத்தின் சர்வரில். முதல் பாதி விளையாட்டை வாங்கிய எல்லோரிடமும் உண்டு. இரண்டாம் பாதியை ரசிகர்கள் தாங்களே எழுதினார்கள். 2005-ல் தொடங்கிய மேங்கோஸ், அதிலிருந்து 2008-ல் கிளைத்த டிரினிட்டிகோர் ஆகிய திறமூலத் திட்டங்கள் இந்த வேலையைச் செய்தன. அசல் உலகத்தில் நடந்து திரிந்தபடியே, சர்வரிலிருந்து வந்து விழும் தரவைப் பதிவுசெய்து, அதிலிருந்து ஓநாய் நிற்கும் இடத்தைப் பிரித்தெடுத்து அட்டவணையில் ஏற்றுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, எந்த அறையில் எந்த அண்டா இருந்தது என்று சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வது போன்ற வேலை. பிழை வராமல் இருக்குமா? எங்கள் ஊரில் ஒரு காவலாளி முக்கால் உடம்பு சுவருக்குள் புதைந்து நிற்பான். மான்கள் குன்றுக்குள் புகுந்து மறுபக்கம் வரும்.

அந்த உலகத்துக்குள் போக, ரியல்ம்லிஸ்ட் என்ற கோப்பை நோட்பேடில் திறந்து அதிலிருக்கிற முகவரியை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். இந்தியாவில் பலர் இந்தக் கொல்லைவழியாகப் போனதற்குக் காரணம் பணம். அசலுக்கு அப்போது மாதச் சந்தா 15 டாலர். அதையும் வெளிநாட்டில் செல்லுபடியாகிற கார்டில் கட்ட வேண்டியிருந்தது. அந்த வயதில் என்னிடம் இரண்டும் இல்லை. முதலில் ஒரு பெரிய திருட்டு சர்வரில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் பத்து மடங்கு வேகம், பத்து மடங்கு தங்கம், பத்து மடங்கு வசவு. ஒரே மாதத்தில் சலித்துப்போனது. ரோல்பிளேவுக்கென்று, அதாவது பாத்திரமாகவே வேஷம் கட்டி வாழ்வதற்கென்று, நாற்பது பேர் நடத்திக்கொண்டிருந்த சின்ன சர்வர் ஒன்று கண்ணில் பட்டது அப்போதுதான்.

அசல் விளையாட்டு எல்லோரையும் மாவீரனாக்கிவிடும். ஒரே அரக்கனின் தலையை ஆயிரம் பேர் கொண்டுபோய் அரசனிடம் கொடுப்பார்கள். அரசன் ஆயிரம் பேரிடமும் உன்னைப்போல் உண்டா என்பான். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் அரக்கன் தலையோடு நிற்பான். நாங்கள் இருந்த சர்வரில் நுழையும்போதே உச்சநிலையான 80-ஐக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்குமேல் ஏற ஒன்றும் இல்லை. ஏற ஒன்றும் இல்லாத இடத்தில் மனிதர்கள் சத்திரம் வைத்தார்கள். குதிரைக்கு லாடம் அடித்தார்கள். வரிப்பாக்கிக்காகச் சண்டை போட்டார்கள். வலது கைக்காரனாக இருந்த காவலன் ஒருவன், ஒரு சண்டையில் விரல் போனபிறகு ஆறு மாதம் இடது கையால் கோப்பையை எடுத்தான். திரையில் அவன் உருவத்துக்குப் பத்து விரலும் இருந்தன. எடுப்பது இடது கை என்பது அவன் எழுதிய வாக்கியத்தில் மட்டும்தான் இருந்தது.

சேருவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும். பாத்திரத்தின் பெயர், வயது, தொழில், பிழைப்பு. கடைசிக் கேள்வி: உங்கள் பாத்திரத்துக்கு என்ன தெரியாது? நான் நிரப்பிய எந்த விண்ணப்பத்திலும் அதற்கு முன்போ பின்போ இப்படி ஒரு கேள்வியைக் கண்டதில்லை. மற்றவர்கள் எழுதியதையும் படிக்கக் கிடைக்கும். பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் எரிந்து செத்திருப்பார்கள். மீதிப் பேரில் பாதி தலைமறைவாகத் திரியும் இளவரசர்கள். சாதாரணமாக இருக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கும் அந்த ஆசை ஒரே நாளில் கைகூடுவதில்லை.

எனக்கு அந்த உலகத்தின் புராணம் எதுவும் தெரியாது. தெரிந்தது கருவாடு. நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கள் அப்பாயி கருவாட்டுக் கூடை சுமந்து பிழைத்தவள். எனவே சவுத்ஷோர் துறையில் மீன் உலர்த்துகிற கிழவனாகச் சேர்ந்தேன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகோரம் பிளந்து புத்தகம்போல் விரித்து, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று தேய்த்து, ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறவைத்து, விடிந்ததும் பாயில் விரிப்பது. இதையெல்லாம் ஆங்கிலத்தில், ஒரு தடவைக்கு 255 எழுத்துக்குள், ஆரஞ்சு நிற வரிகளாக எழுதிக்கொண்டிருப்பேன். ஐரோப்பாவில் இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை. வீடு தூங்கும். நான் கடலோரம் உட்கார்ந்து இல்லாத மீனுக்கு உப்புத் தேய்ப்பேன். ஒருநாள் போலந்துக்காரர் ஒருவர் இரட்டை அடைப்புக்குறிக்குள் கேட்டார்: உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

இரட்டை அடைப்புக்குறி என்பது வேஷத்துக்கு வெளியே பேசுவதற்கான வழி. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், குழந்தை அழுகிறது, இந்தக் காட்சி உனக்குச் சம்மதமா என்பதெல்லாம் அதற்குள் வரும். கூத்தில் கட்டியங்காரன் ஒரு காலைக் கதைக்குள்ளும் ஒரு காலைச் சனங்களுக்குள்ளும் வைத்திருப்பானே, அந்த வேலையை இங்கே நாலு வளைகோடுகள் செய்தன. நல்ல ஆட்டக்காரர்கள் அதை அதிகம் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் சுருக்கமாகப் பேசி மூடிவிடுவார்கள்.

முதல் வாரத்தில் நான் வாங்கிய திட்டு வினைமுற்றைப் பற்றியது. கொல்லனோடு ஏதோ தகராறு. 'அவன் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டான்' என்று எழுதினேன். அடைப்புக்குள் பதில் உடனே வந்தது. கை என்னுடையது, கோப்பையும் என்னுடையது. 'தட்டிவிடக் கையை வீசினான்' என்று எழுது, கோப்பை விழுந்ததா என்பதை நான் எழுதுகிறேன். இந்த விதியை மீறுவதற்கு அவர்கள் வட்டாரத்தில் காட்மாடிங் என்று பெயர். அடுத்தவன் உடம்பின் மேல் வினைமுற்றுப் போடக் கூடாது. ஓங்கலாம், நீட்டலாம், எட்டலாம். பட்டதா, வலித்ததா, செத்தானா என்பது அவன் எழுத வேண்டியது. சாவுக்கு எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். விதி தெரிந்தபின் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் காத்திருக்கப் பழகினேன். ஒருவர் எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகும். எதிரில் அவருடைய உருவம் மூச்சுவிட்டபடி சும்மா நிற்கும். இத்தனை செலவு செய்து வரைந்த முப்பரிமாண உலகத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது, ஒருவர் வாக்கியத்துக்கு ஒருவர் காத்துக் கிடப்பது. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 'மட்' என்ற விளையாட்டைத் தொடங்கியபோது அதில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். சுற்றிவளைத்து நாங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தோம்.

அசல் விளையாட்டில் இரண்டு அணிகள். ஓர் அணி பேசுவது மற்ற அணிக்குப் புரியாமல் நிரல் குழப்பிவிடும். ஹோர்ட் அணிக்காரர் 'லோல்' என்று சிரித்தால் எதிரணியின் திரையில் 'கெக்' என்று வரும். இணையத்தில் ஒரு தலைமுறை அப்படியே சிரிக்கப் பழகிக்கொண்டது. எங்கள் சர்வரில் அந்தக் குழப்பியை அணைத்து வைத்திருந்தார்கள். கோப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஹோர்ட் அணியின் ஓர்க்கும் எதிரணியின் மனிதனும் தடையில்லாமல் பேசிக்கொள்ளலாம். ஆனால் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஓர்க் பேசும்போது வரியின் தொடக்கத்தில் 'ஓர்க் மொழியில்' என்று போட்டுவிட்டுப் பேசுவார். படித்த எல்லோருக்கும் புரியும், புரியாததுபோல் விழிப்போம். தவறாக மொழிபெயர்ப்பதற்கென்றே ஒரு துபாஷி இருந்தார். அவருடைய தவறுகளால் இரண்டு சண்டைகளும் ஒரு கல்யாணமும் நடந்தன. நிறுவனம் இயந்திரத்தால் போட்ட வேலியைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் கையால் முள்வேலி கட்டிக்கொண்டார்கள் இவர்கள். எனக்கு இது இன்றுவரை வியப்புதான்.

நடையும் அப்படியே. அந்த விளையாட்டில் உருவங்கள் எப்போதும் ஓடும். எண்பலகையில் சாய்கோட்டை அழுத்தினால்தான் நடக்கும். எங்கள் ஊரில் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பார்கள். குரலுக்கும் எல்லை உண்டு. சாதாரணமாகப் பேசினால் 25 கஜம், கத்தினால் 300. சர்வரின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் இவை. துறையின் நுனியில் நான் முணுமுணுத்தால் சத்திரத்தில் கேட்காது. ரகசியம் பேச வருகிறவர்கள் என் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். கிழவன் காது கேளாதவன் என்று நான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

எல்லாம் இப்படி இனிமையாகவே போய்விடவில்லை. புள்ளி வைத்துக் கட்டளையிடும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடையாது. நாற்காலி போடுகிற உரிமை பலருக்கு. கடல்நாகத்தைக் கொண்டுவருகிற உரிமை நாலு பேருக்கு. அந்த நாலு பேரில் ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை சலிப்புத் தட்டியது. பிணப்படை ஒன்றை இறக்கித் துறையைக் கொளுத்திவிட்டார். என் உப்புத் தொட்டி, பாய், மூங்கில் பந்தல் எல்லாம் நீக்கப்பட்டன. கதைக்கு இது நல்லது என்றார். மூன்று வாரம் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அடுத்தவன் கோப்பையைத் தட்டிவிடக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். இலக்கணமெல்லாம் புள்ளி இல்லாதவர்களுக்குத்தான்போல.

இன்னொன்று. கருவாட்டு நாற்றம் என்று நானே எழுதிவைத்த காரணத்தால் சத்திரத்தில் என்னை வாசலோர பெஞ்சில் உட்காரவைப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். ஆட்டத்தின் நியாயப்படி அது நல்ல நடிப்பு, என் பாத்திரத்துக்குச் செய்த மரியாதை. டென்மார்க்கிலும் போலந்திலும் இருந்துகொண்டு அதைச் செய்தவர்களுக்கு அதில் வேடிக்கை தவிர வேறு எதுவும் தெரியாது. அப்பாயி கூடையோடு பேருந்தில் ஏறினால் என்ன நடக்கும், வியாபாரத்துக்குப் போன வீடுகளில் அவள் எந்தப் படியோடு நின்றாள் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் இரட்டை அடைப்புக்குள் சொல்லிவிடலாம் என்று அடித்தேன். மூன்று வரி வந்தது. அழித்துவிட்டு, 'கிழவன் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்' என்று மட்டும் எழுதினேன். அதற்கு அடுத்த வாரம்தான் சத்திரக்காரி கணப்புக்கு இடப்பக்கம் அந்த நாற்காலியைப் போட்டாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்தபோது, 'அவள் துணியால் நாற்காலியைத் துடைத்தாள்' என்று ஒரு வரி வந்தது. அவளை ஆடியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதை ஊகித்தார் எதை ஊகிக்கவில்லை, எதையும் நான் கேட்டதில்லை.

இதெல்லாம் யார் நிலத்தில் நடந்தது? பட்டா எங்களிடம் இல்லை. நாற்காலியின் உருவத்தை வரைந்தவர் கலிஃபோர்னியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்தார். ப்ளிஸார்டின் வேறு விளையாட்டுகளுக்கான மாற்று சர்வரான பிநெட்டிடி வழக்கில், 2005-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எழுதியவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. தனியார் சர்வர் வைத்துக் காசு பார்த்த ஸ்கேப்கேமிங்மீது 2010-ல் விதித்த தொகை 88 மில்லியன் டாலருக்கு மேல். காசு வாங்காதவர்களும் தப்பவில்லை. 2015 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நாஸ்டால்ரியஸ் விரிவாக்கங்களுக்கு முந்தைய பழைய உலகத்தை வைத்திருந்தது. எட்டு லட்சம் கணக்குகள் என்று நடத்தியவர்கள் சொன்னார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்து 2016 ஏப்ரல் 10 அன்று மூடினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். நடத்தியவர்களை ப்ளிஸார்ட் தன் அலுவலகத்துக்கே அழைத்துப் பேசியது. 2019 ஆகஸ்டில் பழைய உலகத்தை 'கிளாசிக்' என்று நிறுவனமே வெளியிட்டது. ரோல்பிளேக்காரர்கள் பெருகியிருந்த டர்டில் வாவ் சர்வர்மீது 2025 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்ததும் அதே நிறுவனம்தான்.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் புறம்போக்கில் குடிசை போட்டவர்களும் அது தங்கள் நிலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொதுப்பணித்துறை ஜீப் வந்தால் சட்டிபானையைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். ஆனாலும் வாசலில் முருங்கைக் கிளை ஒடித்து நட்டிருப்பார்கள். அது சீக்கிரம் காய்த்துவிடும்.

கிளாசிக் வந்தபோது என்னிடம் கார்டு இருந்தது. சந்தா கட்டி, ஒரு மனிதப் பாத்திரத்தை உருவாக்கி, வழியில் இரண்டு தடவை செத்து, சவுத்ஷோர் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் இருந்தது. துறை, ஊர்மன்றம், சத்திரம், சுவருக்குள் புதையாமல் சரியான இடத்தில் நிற்கும் காவலாளி. கணப்பு எரிந்தது. அதற்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை. புள்ளி வைத்து அடித்துப் பார்த்தேன். நான் சொன்னதாக அது அப்படியே உரையாடலில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கேள்விக்குறி ஒன்று போட்டுவிட்டு ஓடினார்.

எங்கள் சர்வரை மூட வக்கீல் யாரும் வரவில்லை. வாடகை கட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. 2014 கோடையில் இரண்டு வாரக் கெடு சொல்லிவிட்டார். கடைசி இரவில் நாங்கள் பத்தொன்பது பேர். யாரோ பெரிய முடிவுக்காட்சி ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கேட்டோம், பாதியில் சத்திரக்காரி கணக்கு நோட்டை எடுத்துக் கடன்பாக்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். என் பெயரில் பதினான்கு கோப்பை. கொல்லன் நாற்காலிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றான். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற பெட்டி வந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் தரவுத்தளத்தின் நகலை அனுப்பியிருந்தார் வாடகை கட்டியவர். இப்போதும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எப்போதாவது திறந்தால், பொருள்களின் அட்டவணையில் தேடுவேன். நாற்காலியின் எண், நிலப்பரப்பு 0, கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒன்று, வடக்கிலிருந்து தெற்குக்கு ஒன்று, எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதற்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. அதற்கு இரண்டு வரி மேலே அதே அறையிலிருக்கிற பெஞ்சின் உயரம். இரண்டையும் கழித்துப் பார்த்தேன். ஒரு விரல்கடைதான்.